நமது பழுதுபார்ப்போர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன ஏப்ரலில் இருந்து இந்த மார்ச் வரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுக்கூட்டம் நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. எர்த்திங் பற்றி ஒரு வகுப்பு வைத்தோம், வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

மாதக் கூட்டம் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. அதுவரை குறுவை போட்டவர்களுக்கு போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை, மோட்டார் ராத்திரி பகலாக ஓடியது, பேனல் போர்டுகள் நம் கடைகளில் வந்து குவிந்தன. அந்தச் சமயத்தில் யாரும் கூட்டத்துக்கு வராததை நான் குறை சொல்லவில்லை, என் கடையிலேயே கால் வைக்க இடமில்லை. ஆனால் ஐப்பசி அடைமழையில் ஈயடித்துக்கொண்டிருந்தபோதும் நாற்காலிகள் காலியாகத்தானே கிடந்தன, அதற்கு எந்த அணையைக் காரணம் சொல்வது?

அந்தப் பேனல் சீசனில்தான் கலர் கோடு சாஃப்ட்வேர் யோசனை வந்தது, அதாவது ரெசிஸ்டர் (மின்தடை) மேல் இருக்கிற கலர் பட்டைகளைச் சொன்னால் அதன் மதிப்பைச் சொல்கிற சாஃப்ட்வேர். நம் உறுப்பினர் ஒருவர் ஒரு போர்டில் எரிந்த ரெசிஸ்டரை மாற்றினார். பிரவுன், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பிரவுன், அதாவது 10 கிலோ ஓம், 1 சதவீதம். அதையே மறுபக்கத்திலிருந்து படித்தால் பிரவுன், சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பிரவுன், 120 ஓம். இரண்டுமே கடையில் கிடைக்கிற மதிப்பு என்பதால் சந்தேகமே வராது. அவர் 120 போட்டுவிட்டார். 12 வோல்ட் லைனில் 120 ஓம் என்றால் 1.2 வாட், கால் வாட் ரெசிஸ்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? கரண்ட் கொடுத்த உடனே புகை. மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எரிந்து உள்ளே அறுந்து ஓப்பன் ஆனதை மீட்டர் என்ன சொல்லும்? நல்ல ரெசிஸ்டரையும் போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்துப் பாதைகள் சேர்ந்து குறைத்துத்தான் காட்டும்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கலர் பார்க்கத் தெரியாதவன் என்ன மெக்கானிக் என்று ஒருவர் கேட்டார். கலர் வரிசையை நினைவில் வைக்க ஐ.டி.ஐ.யில் படித்த 'பி பி ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்' வாசகம் எனக்கும் மனப்பாடம்தான். அந்த நீல உடம்பு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில், சூட்டில் வெந்துபோன சிவப்பையும் பிரவுனையும் ராத்திரி எட்டு மணிக்கு எல்.இ.டி. வெளிச்சத்தில் அவரே பிரித்துக் காட்டட்டும்.

உறுப்பினர் ஒருவரின் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நான் கேட்டதும் அந்தப் பிள்ளை செய்து கொடுத்துவிட்டது. ஒரே ஒரு ஃபைல், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், நெட் இல்லாமலும் போனில் திறக்கும். பட்டைகளைத் தமிழில் வரிசையாகத் தட்டினால் மதிப்பு வரும், கூடவே எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்றும் வரும்: மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 4.7 கிலோ, 4465 முதல் 4935 ஓம் வரை. ஊதாவை கிரே என்று தட்டினால் 48 ஆகிவிடும், 5 சதவீதத்தில் அப்படி ஒரு மதிப்பே கிடையாது, உடனே '47-ஆ, மறுபடி பாருங்கள்' என்று கேட்கும். 'திருப்பு' என்று ஒரு பொத்தானும் உண்டு. அது நான் அடம்பிடித்துச் சேர்க்கச் சொன்னது. ஐந்து பட்டையில் இரண்டு ஓரமும் பிரவுனாக இருந்தால் அதைத் தட்டாமல் ரெசிஸ்டரைக் கழற்றாதீர்கள்.

இதற்குச் சங்கப் பணம் போனதாக ஒரு பேச்சு ஓடுகிறதாம். போனது ஒரு வேளை சாப்பாடும் ஒரு பேனாவும்தான், இரண்டும் என் கையிலிருந்து.

கணக்கு: தொடக்க இருப்பு, சந்தா வரவு, ஹால் வாடகை, டீ, பூஜைச் செலவு எல்லாம் போக கையில் கொஞ்சம் இருக்கிறது. பொருளாளர் நோட்டை மேசையில் வைத்திருக்கிறார், சந்தேகம் உள்ளவர்கள் புரட்டிப் பார்க்கலாம். புரட்டும்போது அவரவர் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தையும் பார்த்துவிட்டால் நல்லது. சாஃப்ட்வேர் வேண்டுமென்று கேட்டு வாங்கியவர்கள் சந்தா கட்டியவர்களைவிட அதிகம், இதைக் கோபத்தில் சொல்லவில்லை, நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். சந்தா கட்டியவர் போனில் மட்டும் திறக்கிற மாதிரிச் செய்ய முடியுமா என்று சும்மா கேட்டேன், அது ரொம்பச் சுலபம் மாமா என்றது அந்தப் பிள்ளை. செய்யச் சொல்லவில்லை. இப்போதைக்கு.

ஹாலுக்குச் சாவி தருபவருக்கும், பொருளாளருக்கும், தவறாமல் வந்து பின்வரிசையில் உட்காரும் மூத்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எஸ்.எம்.டி. எண்களையும், அதாவது போர்டின் மேலேயே ஒட்டியிருக்கிற பொடி ரெசிஸ்டர்களில் பட்டைக்குப் பதிலாக இருக்கிற எண்களையும், சேர்க்க நினைக்கிறோம், 103 என்றால் 10 கிலோ, 4ஆர்7 என்றால் 4.7 ஓம் என்று அதுவே சொல்லிவிடும். பொடி எழுத்து படிக்க நல்ல லென்ஸ் ஒன்றும் சங்கத்துக்கு வாங்க வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, கை தூக்கினால் போதும், போன ஆண்டும் இதையேதான் சொன்னேன். அதுவரை ரசீது புத்தகம் என் கடையில் இருக்கும். ஞாயிறு மதியம் மட்டும் கடை இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்