பதினொன்றாம் வகுப்பு சேவைத் திட்டங்கள்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், பதினொன்றாம் வகுப்பின் சேவைத் திட்டங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறியியல் என்றால் கட்-ஆஃப், கவுன்சலிங் என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அது என்ன வேலை என்று முன்கூட்டியே காட்டத்தான் இதைத் தொடங்கினோம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் தொடங்கிய ‘எபிக்ஸ்’ என்ற பொறியியல் மாணவர்களின் சேவைத் திட்டமும் இதே வழிதான். பிறகு பள்ளிகளுக்கும் வந்தது. ஊரில் ஒருவருடைய தேவையைக் கேட்டு, அளந்து, செய்து, அவரிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும்.

பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்குச் சாய்தளம் அமைக்க ஒரு குழு போனது. வாசல் ஒரு அடி உயரம். சக்கர நாற்காலி ஏற, ஒரு அடிக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அங்கே இருந்ததோ 7 அடிதான். சுவரை ஒட்டித் திருப்பலாமா என்று மூன்று வாரம் அட்டையை வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். நாற்காலியில் வரும் குழந்தையின் பாட்டியிடம், திருப்பத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெற்றோர் கொத்தனாரை அழைத்து வந்து, இருந்த 7 அடியிலேயே சிமெண்டில் கட்டி முடித்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மறுநாள் பாட்டி தள்ளிய நாற்காலி பாதி வழியில் நின்றுவிட்டது. பின்னால் இரண்டு பையன்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னும் சில குழுக்கள் கடையில் வாங்கிய மாதிரிகளைக் கொண்டுவந்தன. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் தண்ணீர். மழைநீர் சேகரிப்பு மாதிரி கொண்டுவந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

பிள்ளையின் டியூஷன் நேரம் போகிறதே, மதிப்பெண் குறையுமே என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அன்பினால் செய்ததுதான். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வெளியாள் செய்த வேலைக்கு இனி மதிப்பெண் கிடையாது. அந்தச் சாய்தளமும் இடிக்கப்படும். கணக்குப் போட்ட பிள்ளைகளின் வரைபடப்படியே திரும்பக் கட்டப்படும்.

உதவவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொத்தனாராக வேலை பார்க்கும் நம் மாணவி ஒருவரின் அப்பா, கூலி நாளை விட்டுவிட்டு வந்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு முறை தப்பாகப் பிடித்தபோதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. பழைய பலகை, அளவு நாடா, மதியச் சாப்பாடு என்று கொடுத்தனுப்பிய அத்தனை பேருக்கும் நன்றி.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அங்கன்வாடியில் வேலை தொடங்குகிறது. முடிந்தவர்கள் வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்