12 மணி நேரத்தில் 42 லட்சம் கையெழுத்தா?

வெனிசுவேலா தேசியத் தேர்தல் மன்றத்தாருக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது, இந்த மடல் உங்கள் மேசைக்கு வரப்போவதும் இல்லை. இருந்தாலும் 2022 ஜனவரியில் நீங்கள் போட்ட கணக்கை ஒருமுறையாவது உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பதவிக்காலம் பாதி முடிந்ததும், வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் அதிபரையே திரும்ப அழைக்க வாக்கெடுப்பு நடத்தலாம் என்கிறது உங்கள் அரசியலமைப்பின் 72ஆவது பிரிவு. வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை, 2004 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அதிபர் சாவேஸுக்கு எதிராக அது நடந்தே இருக்கிறது. ஏறக்குறைய 59 சதவீதம் பேர் அவரே இருக்கட்டும் என்றார்கள், இருந்தார். சரி.

அப்புறம், அவருக்குப் பின் அதிபரான மதுரோ காலம். 2016 அக்டோபரில், கையெழுத்து வாங்க இன்னும் சில நாட்களே இருக்கும்போது, முதல் கட்டக் கையெழுத்துகளில் மோசடி என்று சில மாகாண நீதிமன்றங்கள் சொன்னதை வைத்து மொத்தத்தையும் நிறுத்தினீர்கள். 2022இல் நிறுத்தவில்லை, அனுமதி கொடுத்தீர்கள், அதுதான் இன்னும் சாமர்த்தியம். ஜனவரி 26, ஒரே ஒரு நாள், காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, நாடு முழுக்க 1,200 இடங்கள், தேவை சுமார் 42 லட்சம் கையெழுத்து. வகுத்துப் பாருங்கள், ஓர் இடத்துக்கு 3,500 பேர். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் நிமிடத்துக்கு ஐந்து பேர் வீதம் 12 மணி நேரம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதை அறிவித்ததே ஐந்து நாட்களுக்கு முன்புதான். வாக்கெடுப்பு கேட்டவர்களே இதில் கலந்துகொள்ள மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். கடைசியில் வந்தவை 42,421 கையெழுத்துகள். நீங்களும், தேவையானதில் ஒரு சதவீதம்தான் வந்தது, இந்தப் பதவிக்காலத்தில் இனி கேட்க முடியாது என்று கோப்பை மூடிவிட்டீர்கள்.

வந்த அந்த 42,421 பேரைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். 2004 வாக்கெடுப்புக்குக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களை ஆளுங்கட்சி உறுப்பினர் லூயிஸ் தஸ்கோன் இணையத்தில் போட்டதும், அதனால் அரசு வேலை இழந்தவர்கள் இருப்பதும் அங்கே யாருக்கும் மறந்திருக்காது. தெரிந்துதான் வந்து பெயர் எழுதினார்கள்.

அடுத்த முறை யார் அதிபராக இருந்தாலும் சரி, கையெழுத்துக்குச் சில வாரங்களாவது கொடுங்கள். பட்டியலைப் பூட்டி வையுங்கள். சாவியைக் கட்சிக்காரர் கையில் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து கணக்குப் பார்த்த ஒரு தமிழ் வாசகன்