காணியப் பிரிக்கிறதுக்கு முன்னாடி லயத்து சனத்தையும் கூப்பிடுங்க

நுவரெலியா, பதுளை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்கள்ல இருக்கிற எல்லாருக்கும், பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எல்ல, பண்டாரவளை, நுவரெலியா பக்கம் இப்ப எந்த ரோட்டுல போனாலும் கட்டடம் எழும்பிக்கிட்டே இருக்கு, ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், புதுசு புதுசா கடை. நான் அதுக்கு எதிரா எழுதல. டூரிஸ்ட் வந்தா நம்ம புள்ளைங்களுக்கும் வேலை வரும், கொழும்புல கடைக்குள்ளயே படுத்து எந்திரிக்கிற பயலுக ஊரோட இருக்கலாம். என் கவலை காணியப் பத்தி. மலையில மண் சரியாத, ரோட்டுக்குக் கிட்ட, தண்ணி கிடைக்கிற இடம்னு பாத்தா கொஞ்சம்தான் தேறும், அந்தக் கொஞ்ச இடத்துல யாரு கட்டலாம்னு முடிவு பண்ற பேச்சுல லயத்து சனம், அதாவது தேயிலைத் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின சின்ன அறைங்கள்ல குடியிருக்கிற சனம், இருக்கிறதே இல்ல.

2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்தோட சனம் மண்ணுக்குள்ள போச்சு. அந்த இடம் ஆபத்துன்னு பல வருஷம் முன்னாடியே சொல்லியாச்சு, ஆனா எழும்பிப் போக வேற காணி குடுக்காம வெறும் எச்சரிக்கைய மட்டும் குடுத்தா புள்ளகுட்டியோட அவங்க எங்கதான் போவாங்க? 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்பவும் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளைன்னு மலை பூரா சரிஞ்சுது. எந்த எடம் சரியும்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட வரைபடம் இருக்கு. அதுல பத்திரமா இருக்கிற இடத்த மொதல்ல சிவப்பு வலயத்துல, அதாவது மண் சரியிற ஆபத்து அதிகமான எடத்துல, இருக்கிற லயங்களுக்கு ஒதுக்குங்க, மிச்சத்துல ஹோட்டலுக்கு அனுமதி குடுங்க. இதுதான் நான் கேக்குறது.

காணி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. 1972லயும் 1975லயும் வந்த காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்க அரசாங்கத்துக்கு வந்துச்சு, 1992ல நிர்வாகம் கம்பனிங்களுக்குப் போச்சு, ஆனா பெரும்பாலும் காணி இன்னைக்கும் அரசாங்கத்தோடதுதான். அப்படி இருந்தும் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்ங்கிற சின்னத் துண்டுக் காணிய அளந்து காணி உறுதிப் பத்திரம் எழுதிக் குடுக்க இத்தன வருஷமா இழுபடுது. இந்தியாவோட உதவி கூட வந்துச்சு, 2017 மே மாசம் நோர்வூட்ல வச்சு இந்தியப் பிரதமர் மோடி தோட்டத்து சனத்துக்கு இன்னும் 10,000 வீடுன்னு அறிவிச்சாரு, ஆனா அதுல 1,300 வீட்டுக்கு அடிக்கல் வச்சதே 2024 பெப்ரவரியிலதான்.

வீட்டையும் வேலையையும் தனித்தனியா பாக்குறதுனாலதான் இப்படி ஆகுது. இன்னும் பல இடத்துல வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல பேரு போட்டு வேலை செஞ்சாதான் காம்பரா, அதாவது லயத்து அறை, மிஞ்சும்ங்கிற நெலமதான். 2024ல அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆச்சு, ஆனா பறிக்கிற கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப்பேரு, அதாவது பாதி நாள் சம்பளம்தான், அதுல யாரு புள்ளைய மலைக்கு அனுப்புவாங்க? ஆளு போயிருவாங்கன்னு பயந்து உறுதி குடுக்காம வச்சிருந்தா இன்னும் வேகமாத்தான் போவாங்க. வீடு பொம்பளைங்க பேர்லயும் சேத்து உறுதியா கையில இருந்தா பேங்க்ல கடன் கேக்கலாம், ஒரு ரூம் கட்டி டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடலாம், கொழுந்து பறிக்கிறவங்க நிம்மதியா பறிப்பாங்க.

இன்னொன்னு, எங்க லயத்துக்கு வீட்டு நம்பரே கெடையாது. இன்டர்வியூக்கு வர்ற கடிதம் தோட்டத்து ஆபீசுல கெடந்து தேதி முடிஞ்சப்புறம் கைக்கு வந்தா அந்தப் புள்ள என்ன பண்ணும்? பிரதேச சபைச் சட்டத்த 2018ல திருத்தியாச்சு, தோட்டத்துக்குள்ள செலவு பண்ண முடியாதுன்னு இனி காரணம் சொல்ல ஏலாது, அதனால ரோட்டையும் நம்பரையும் போட்டுக் குடுங்க. புது வீட்டையும் பஸ் போற ரோட்டுக்குக் கிட்ட கட்டுங்க, இல்லாட்டி ஹோட்டல்ல நைட் டியூட்டி பாக்குற புள்ள இருட்டுல எப்படி நடந்து வரும்? புதுசா வர்ற ஹோட்டலுக்கு அனுமதி குடுக்கிறப்ப சுத்தி இருக்கிற தோட்டத்துப் புள்ளைங்களுக்கு NVQங்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோட பயிற்சி குடுக்கணும்னு நிபந்தனை போடுங்க, கக்கூஸ் கழுவுற வேலையோட நிறுத்திடாம சமையல், வரவேற்பு, கணக்குன்னு மேல போக வழி வையுங்க.

அடுத்த தடவ இந்த விஷயத்துக்குக் கூட்டம் வச்சா தமிழ்லயும் பேசுங்க, ஞாயித்துக்கெழம வைங்க. மத்த நாள்ல பொம்பளைங்க மலையில இருப்பாங்க, லயத்துக்கு மேல எங்க மண்ணு வெடிச்சிருக்குன்னு மொதல்ல அவங்களுக்குத்தான் தெரியும்.