ஏழு பேர் ஆபீஸுக்கு 30 லைனா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். ஈரோட்டுல சின்னதா ஒரு ஜவுளி ஏஜென்சி வச்சிருக்கேன், மூணு போன் லைன், எட்டு எக்ஸ்டென்ஷன், வெளி லைனை உள்ள இருக்கற போன்களுக்குப் பிரிச்சுக் குடுக்கற ஒரு இபிஏபிஎக்ஸ் பாக்ஸ், அவ்ளோதான். போன மாசம் போன் சிஸ்டம் விக்கிற ஆள் வந்து "அனலாக் எல்லாம் பழசு சார், பிஆர்ஐ எடுத்துக்கங்க"ன்னு ஒரே பிடியா நின்னார். பிஆர்ஐன்னா ஒரே நேரத்துல 30 கால் போற டிஜிட்டல் லைன், எங்க ஆபீஸ்ல மொத்தமே ஏழு பேரு, அதுல ரெண்டு பேர் போனையே எடுக்க மாட்டாங்க!

டிஜிட்டல் மோசம்னு சொல்ல வரல, இரைச்சல் கிடையாது, ஆளாளுக்கு நேரடி நம்பர் குடுக்கலாம். ஆனா பழைய அனலாக் லைன் வர்ற செம்புக் கம்பில டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரிலருந்தே 48 வோல்ட் வருது, கரண்ட் போயி நம்ம பாக்ஸ் செத்துட்டாலும் லைனைக் கழட்டி சாதா போன்ல குத்துனா பேசிடலாம், ஃபைபர்ல வர்ற லைனுக்கு மோடத்துக்கும் சேத்து யுபிஎஸ் வேணும். விக்கும்போது இதை யாரும் வாயத் தொறக்கறதில்ல.

இன்னொண்ணு, டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன்ல பழைய ஃபேக்ஸ் மெஷின் ஓடாது. சாக்கெட் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், நான் குத்திப் பாத்து அரை நாள் வீணாச்சு. அதுக்குத் தனியா பாக்ஸ்ல அனலாக் போர்ட் (சாதா போன் குத்தற சாக்கெட்) வேணுமாம், அந்தாளு பில்லு போட்டப்புறம் சொல்றாரு.

உங்க பேப்பர்ல கடைக்காரங்களுக்குப் புரியற மாதிரி இதப்பத்தி ஒரு பக்கம் போடுங்களேன்.

- ஒரு வாசகர், ஈரோடு