வேளச்சேரி ஆட்டோ அண்ணனுக்கு நன்றி

செவ்வாய்க்கிழமை சாயங்கால மழையில், விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் முழங்கால் தண்ணீரில் கூரியர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான்தான் அண்ணா. நீங்களாகவே ஆட்டோவை ஓரங்கட்டி, முதலில் பார்சல் பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்தீர்கள். வண்டியைவிட அதுதான் முக்கியம் என்று எப்படித் தெரிந்ததோ! டெலிவரி ஆனால்தான் எங்களுக்குக் காசு. பார்சல் நனைந்து திரும்பினால் அந்த நடை வீண். பெட்ரோலும் சர்வீஸும் கைக்காசு.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் துடைத்து, உப்புத்தாளால் முனையைத் தேய்த்தீர்கள். பிளக் இல்லாமலே நாலு உதை உதைக்கச் சொன்னீர்கள். உள்ளே போயிருந்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாட்டியதும் ஸ்டார்ட்! காசு நீட்டினால், "போ தம்பி, லேட்டாவுது" என்று விரட்டிவிட்டீர்கள்.

செயலி வழியே ஓடும் எங்களுக்கு 2023-இல் அரசு நலவாரியம் அமைத்தது, நல்ல விஷயம். அன்றைக்குத் தேவைப்பட்டது என்னவோ உங்கள் உப்புத்தாள்தான்.

பெயர் கேட்கவும் நேரமில்லை. அந்த ஸ்டாண்டுக்காரர்கள் யாராவது படித்தால் அண்ணனிடம் சொல்லுங்கள்: பார்சல் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு டீ பாக்கி இருக்கிறது.