கொழுப்பும் டெஸ்டோஸ்டிரோனும்: அளவைச் சொல்லாம தலைப்பு போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க ஆரோக்கியப் பக்கத்துல சாப்பாட்டுல கொழுப்பைக் குறைச்சா ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் குறையும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரல, சொன்ன விஷயத்துக்கு ஆதாரம் இருக்கு. ஆனா எவ்வளவு கொழுப்பைக் குறைச்சா எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் குறையும்ங்கிற கணக்கை மட்டும் விட்டுட்டீங்க. அது இல்லாததால படிச்சவங்க பாதிப்பேர் அதை அப்படியே திருப்பிப் போட்டு, அப்ப கொழுப்பை ஏத்தினா டெஸ்டோஸ்டிரோன் ஏறும்தானேன்னு கிளம்பிட்டாங்க. நான் ரத்தப் பரிசோதனை லேப்ல சாம்பிள் எடுக்கிற ஆளு, டாக்டர் இல்ல. ஆனா இந்த மாதிரி ஒரு செய்தி வந்தா அதோட எதிரொலி முதல்ல எங்க கவுண்டர்லதான் கேக்கும், அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். 1984ல பின்லாந்துல 30 ஆரோக்கியமான ஆண்களை வச்சு ஒண்ணு பண்ணாங்க. அவங்க வழக்கமா சாப்பிட்ட சாப்பாட்டுல 40 சதவீதம் கலோரி கொழுப்புல இருந்து வந்துச்சு, அதை 25 சதவீதமா குறைச்சு 6 வாரம் சாப்பிட வச்சாங்க, டெஸ்டோஸ்டிரோன் சுமார் 15 சதவீதம் இறங்குச்சு, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினதும் மறுபடி ஏறிடுச்சு. அப்புறம் 2021ல இதே மாதிரி 6 ஆய்வுகளைச் சேத்து மொத்தம் 206 பேரோட முடிவை அலசினாங்க, அதுலயும் கொழுப்பு 40 சதவீதத்துல இருந்து 20 சதவீதத்துக்குப் போனப்ப 10ல இருந்து 15 சதவீதம் வரை குறைஞ்சதா வந்துச்சு. 206 பேருங்கிறது ரொம்பச் சின்ன கூட்டம், அதையும் மனசுல வச்சுக்கணும். அதோட பின்லாந்து ஆய்வுல கொழுப்போட அளவு மட்டும் மாறல, விலங்குக் கொழுப்பு போய் தாவர எண்ணெய் வந்துச்சு, அதனால குறைஞ்சதுக்கு அளவு காரணமா வகை காரணமான்னு அதை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது.

இப்ப இந்த சதவீதத்தைத் தட்டுல வச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு 2,500 கலோரி சாப்பிடுற ஆளுக்கு 40 சதவீதம்னா சுமார் 111 கிராம் கொழுப்பு, 20 சதவீதம்னா 56 கிராம்தான். அதாவது கிட்டத்தட்ட பாதியா வெட்டினாத்தான் அந்த 10, 15 சதவீத இறக்கம். தினம் ரெண்டு ஸ்பூன் எண்ணெயைக் குறைச்சவன் இதுக்குள்ளயே வரமாட்டான். அதே மாதிரி 30 சதவீதம் ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருக்கிறவன் அதை 50 ஆக்கினா ஹார்மோன் ஏறும்னு இந்த ஆய்வுகள் எங்கயும் சொல்லல. கீழ இறக்கினா என்ன ஆகும்னுதான் அவங்க பாத்தாங்க, மேல ஏத்தி இல்ல.

2020ல அமெரிக்காவுல 3,128 ஆண்களோட தகவலை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. கொழுப்பு குறைச்சலா சாப்பிட்டவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியா ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு, அதாவது 100 மில்லிக்கு, 411 நானோகிராம், எந்தக் கட்டுப்பாடும் இல்லாம சாப்பிட்டவங்களுக்கு 443. வித்தியாசம் இருக்குதான், இல்லன்னு சொல்லல. ஆனா அங்க டாக்டர்கள் குறைபாடுன்னு சந்தேகப்படுற எல்லை 300, அதுவும் ரெண்டு தனித்தனி காலையில எடுத்துப் பாத்து ரெண்டுலயும் கீழ இருந்து, கூடவே அறிகுறியும் இருந்தாத்தான். 411ம் 443ம் ரெண்டுமே நார்மல் ரிப்போர்ட்டுதான். 32 நானோகிராமை நம்பி எவனுக்கும் மீசை அடர்த்தியாகப் போறதில்ல.

அடுத்து உங்க கட்டுரையில வந்த மூலப்பொருள் விளக்கம். டெஸ்டோஸ்டிரோன் கொலஸ்ட்ரால்ல இருந்துதான் உருவாகுது, அதனால கொலஸ்ட்ரால் நிறைய சாப்பிடணும்னு எழுதியிருந்தாங்க. முதல் பாதி உண்மை. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச்ங்கிற ஹார்மோனை அனுப்பும், அது விரையில இருக்கிற லெய்டிக் செல்களுக்குப் போய் வேலையைத் தொடங்கச் சொல்லும், அந்த செல்கள் கொலஸ்ட்ராலை எடுத்துப் படிப்படியா மாத்தி டெஸ்டோஸ்டிரோன் ஆக்கும். ஆனா ஒரு வளந்த ஆணோட உடம்பு ஒரு நாளைக்குத் தயாரிக்கிற டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு தெரியுமா, சில மில்லிகிராம், ஏறக்குறைய 5ல இருந்து 7. நம்ம உடம்பு தானாவே தினமும் தயாரிக்கிற கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட 1 கிராம், அதாவது 1,000 மில்லிகிராம். லெய்டிக் செல்லுக்கே சொந்தமா கொலஸ்ட்ரால் செய்யத் தெரியும், ரத்தத்துல ஓடுறதையும் எடுத்துக்கும். தொட்டி நிறைய தண்ணி கிடக்கு, ஒரு டம்ளர்தான் வேணும், இதுல இன்னும் ரெண்டு குடம் ஊத்தினா என்ன மாறப் போகுது? கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை வருஷக்கணக்கா போடுறவங்களுக்குக்கூட டெஸ்டோஸ்டிரோன் லேசாத்தான் குறையுது. ஆக எவ்வளவு சுரக்கணும்னு முடிவு பண்றது சரக்கு இருப்பு இல்ல, பிட்யூட்டரியில இருந்து வர்ற உத்தரவுதான். பட்டினி, தூக்கமின்மை, கடுமையான நோய், இதெல்லாம் கைவைக்கிறதும் முக்கியமா அந்த உத்தரவுலதான்.

இதுல எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் உடம்பு பருமனா இருக்கிறவங்க விஷயம். வயித்தைச் சுத்தி சேர்ற கொழுப்புத் திசுவுல அரோமட்டேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையால்ங்கிற பெண் ஹார்மோனா மாத்திடும், கூடவே எடை கூடக் கூட ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்துட்டுப் போற புரதமும் குறையும், ரெண்டும் சேந்து ரிப்போர்ட்ல அளவு இறங்கும். இவங்க சாப்பாட்டைக் குறைச்சு எடையை இறக்கினா என்ன ஆகுதுன்னு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்திருக்காங்க, சராசரியா ஏறக்குறைய 80 நானோகிராம் ஏறியிருக்கு, எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு அதைவிட மூணு மடங்கு. ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, மாவுச்சத்துலயும் புரதத்துலயும் 4தான், அதனால பருமனான ஒருத்தர் எடை குறைக்கணும்னு எண்ணெயைக் குறைச்சா அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறுறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அவர் உங்க தலைப்பைப் படிச்சுட்டு பயந்து திரும்ப எண்ணெயை ஊத்திக்கிட்டா யார் பொறுப்பு?

எதிர்ப்பக்கமும் ஆள் இருக்காங்க. வயிறு கட்டம் கட்டமா தெரியணும்னு ஏற்கனவே ஒல்லியா இருக்கிற பசங்க கொழுப்பைக் கிட்டத்தட்ட ஒழிச்சு, மொத்த கலோரியையும் வெட்டி, தினம் ரெண்டு வேளை வெயிட் தூக்குவாங்க, உங்க கட்டுரை உண்மையிலேயே போய்ச் சேர வேண்டியது அவங்களுக்குத்தான். அவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நிஜமாவே இறங்கும், பாலுறவு ஆசை குறையும், சோர்வு வரும். ஆனா அங்கயும் கொழுப்பு மட்டும் காரணம் இல்ல, மொத்தமா சாப்பாடு பத்தாததும் சேந்துதான் அடிக்குது. இந்தப் பசங்கள்ல சிலர் குறைஞ்சதைச் சரிக்கட்ட டாக்டர்கிட்ட கேக்காம ஊசி போட்டுக்கிறாங்க, வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ள போனா பிட்யூட்டரி எல்ஹெச்சை நிறுத்திடும், சொந்தச் சுரப்பும் விந்தணு உற்பத்தியும் படுத்துடும். இதைப் பத்தி ஒரு முழுப்பக்கமே போடலாம் சார்.

தூக்கத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 2011ல வந்த சின்ன ஆய்வு ஒண்ணுல 10 இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரி 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க, பகல்ல அவங்க டெஸ்டோஸ்டிரோன் 10ல இருந்து 15 சதவீதம் குறைஞ்சுது. கொழுப்பைப் பாதியா வெட்டினா வர்ற அதே இறக்கம். ஆனா சீக்கிரம் படுங்கன்னு தலைப்பு போட்டா யாரு படிப்பா.

கடைசியா என் வேலை சம்பந்தமா. கட்டுரை படிச்சுட்டு வர்றவங்கள்ல நிறையப் பேரு சாயங்காலம் வேலை முடிஞ்சு, வர்ற வழியில ஏதாவது சாப்பிட்டுட்டு வந்து டெஸ்டோஸ்டிரோன் பாக்கணும்னு உக்காருறாங்க. 30, 40 வயசு ஆண்களுக்கு சாயங்காலம் 4 மணி அளவு காலை 8 மணி அளவைவிட 20ல இருந்து 25 சதவீதம் கம்மியா இருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சாலே சராசரியா 25 சதவீதம் இறங்கும்னு 2013ல பாத்திருக்காங்க. வேடிக்கை என்னன்னா கொழுப்பு நிறைஞ்ச சாப்பாடு சாப்பிட்டாலும் அடுத்த சில மணி நேரத்துக்கு அளவு கீழதான் போகும். அந்த ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு எனக்குக் குறைபாடுன்னு பயந்து ஓடுற ஆளுகிட்ட நாங்க எவ்வளவு சொன்னாலும் ஏறாது, பேப்பர்லயே வந்துச்சேன்னு திருப்பிக் கேப்பாங்க.

அதனால அடுத்த தடவை இந்த விஷயம் போடும்போது, 40ல இருந்து 20ங்கிற கணக்கையும், காலையில வெறும் வயித்துல ரெண்டு தனி நாள் டெஸ்ட் எடுக்கணும்ங்கிறதையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள போட்டுடுங்க.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியனா வேலை பாக்கிற ஒரு வாசகர்