அந்தச் சங்கு வலம்புரி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். சூலம் பிடித்த தாடிக்காரர் வருணனாம். அவருக்கு முன்னால் ஒருவன் ஊதுவது வலம்புரியாம்; ஆகவே அது பாஞ்சஜன்யமாம், வரைந்தவருக்கு நம் புராணம் தெரியுமாம். வீடு களியக்காவிளையில் இருந்தாலும் எனக்குக் கன்னியாகுமரிக் கடற்கரையில் சங்குக்கடை. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஆட்கள் உங்கள் பேப்பரைக் கிழித்துக் கொண்டுவந்து, "இதே சங்கு வேண்டும்" என்று நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வருணன் கையில் இருப்பது பாசக்கயிறு, வாகனம் மகரம். படத்தில் இருப்பவரின் தேரை இழுப்பவை முன்பாதி குதிரையும் பின்பாதி மீனுமான பிராணிகள். அவர் ரோமானியர்களின் கடல் தெய்வம் நெப்டியூன். குதிரைகளுக்கும் அவரே தெய்வம். ஊதுகிறவன் அவர் மகன் டிரைட்டன். ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், பிரளயம் ஓய்ந்ததும் தகப்பன் சொல்லி இவன் சங்கை ஊதுவான். வெள்ளம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும். பாஞ்சஜன்யம் குருக்ஷேத்திரத்தில் போருக்கு முழங்கியது. இது தண்ணீரை வீட்டுக்கு அனுப்பும் சங்கு.

அந்தக் காலத்தில் நெப்டியூனை யாரும் பக்திக்காக வரையவில்லை, பெரிய மனிதர்களைக் குளிர்விக்கத்தான். ஸ்பெயின் இளவரசர் ஃபெர்டினாண்ட் 1633இல் பார்சிலோனாவிலிருந்து ஜெனோவாவுக்குக் கப்பலேறினார். 1635இல் அவர் ஆன்ட்வெர்ப் நகருக்குள் நுழைந்தபோது, அந்தப் பயணத்தில் நெப்டியூனே புயலை அதட்டி அடக்கியதாக ஓவியர் ரூபன்ஸ் வரைந்து வைத்தார். அது அச்சுப்படமாகவும் வந்தது. பழைய டச்சு வரைபடங்களின் மூலையில் இவர் உட்கார்ந்திருப்பதும் இதே கணக்குதான், கடல் எங்கள் பக்கம் என்று காட்ட. (1741இல் குளச்சலில் இறங்கித் திருவிதாங்கூர் படையிடம் தோற்ற டச்சுக்காரர்களை மட்டும் ஏனோ கைவிட்டுவிட்டார்.)

சரி, சங்குக்கு வருகிறேன். செப்புத்தகட்டில் கீறியது காகிதத்தில் இடவலம் மாறித்தான் விழும், ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. அதை மனதில் வைத்துத் திருப்பிக் கீற வேண்டும். திருப்பாவிட்டால் சாதாரண இடம்புரியும் அச்சில் வலம்புரி ஆகிவிடும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் கீழ்க்கடல்களில் கிடைக்கும் ஒரு கூம்புச் சங்கைத் தகட்டில் கீறினார். கையெழுத்தைத் திருப்பி எழுதியதால் அது நேராக அச்சாகியிருக்கிறது. சங்கைத் திருப்பவில்லை, அந்தப் படத்தில் இன்றைக்கும் அது எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய கையே விட்ட இடம் இது. அப்புறம், உங்கள் படத்தில் இருப்பது ஒல்லியாக நீண்ட சங்கு. நம் பூஜைச் சங்கு நடுவில் பருத்தது, இனமே வேறு.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் காட்டுவது இதுதான்: தண்ணீர் விழும் மூக்கு மேலே இருக்கும்படி, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் திறக்க வேண்டும். அதுவும் போதாது. அமெரிக்கக் கடலில் பிறவியிலேயே அப்படிச் சுற்றும் ஒரு சங்கு இருக்கிறது. அதை வலம்புரி என்று சொல்லிப் பெரிய விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். நம் சங்கு என்றால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு நெருடும். அமெரிக்கச் சங்கில் வழுவழுவென்று இருக்கும்.

டச்சுக்காரர்கள் அச்சிட்ட நம் விஷ்ணுவைத்தான் வாசகர்களுக்குக் காட்ட வேண்டும் என்றால், யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டேயஸ் மலபார், சோழமண்டலக் கரைகளைப் பற்றி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட புத்தகத்தில் தசாவதாரப் படங்களே இருக்கின்றன. மீன் வாயிலிருந்து எழும் மச்சாவதாரத்தைப் போடுங்கள். இந்தப் படத்துக்கு ஒரு திருத்தமும் போட்டால், கடையில் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு சங்குக்கடைக்காரர்,
களியக்காவிளை.